பீட்டர் வீட்டு அலைப்பலகை

டெல்லிக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் சாணக்யபுரியில் பீட்டர் வீட்டுக் கூடத்தில் கடலலைமேல் ஏறி நின்று சறுக்கி விளையாடும் அலைப்பலகை ஒன்று ஆளுயரத்துக்கும் மேலாகச் சுவரில் சாய்ந்து நின்றது. எங்கள் அலுவலகத்துக்கு ஆலோசகராக வந்திருந்த ஆஸ்திரேலிய இன்ஜினீயர் அவர். நான் அவருக்கு ஸ்டெனோ. தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பிலிருந்து வரும் வேலைக்காரப் பெண் தினமும் அதில் படியும் புழுதியைத் துடைப்பாள். “இஸ்திரி போடற பலகைன்னுல்ல நெனச்சேன்!” என்று என்னிடம் ஒருநாள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அது எதற்கென்று எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம். கடலூர்ப் பக்கத்திலிருந்து அப்பா முதன்முறையாக என்னைப் பார்க்க வந்திருந்தார். அவர் மீனவர். நான் குடியிருந்த ஆர்.கே.புரத்தில் யாருக்கும் அது தெரியாது. வாத்தியார் என்று சொல்லிவைத்திருந்தேன். அதனால் நாலு பெரிய வீடுகளில் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அதை இழக்க மனமில்லை. வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

அந்த ஞாயிறு பீட்டர் எங்களைத் தேநீருக்கு அழைத்தார். எங்கள் பிளாக்கிலேயே குடியிருக்கும் தமிழரான சூப்பரிண்டெண்டும் வந்திருந்தார். “சாருக்கு எந்த ஸ்கூல்?” என்று அப்பாவைக் கேட்டார். “ரிடையராயிட்டார் சார்” என்று நான் முந்திக்கொண்டேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

சூப்பரிண்டெண்ட் கோப்பையோடு தோட்டத்துக்குப் போனதும், பீட்டர் தன் ஊர்க் கடற்கரைப் படங்களை எடுத்து வந்தார். மணற்கரை, உடையும் அலை, பலகைமேல் நிற்கும் அவர். அப்பாவின் முகமே மாறிவிட்டது.

“அடியில மணல்மேடு கெடக்குப்பா, அதான் அலை இங்க உடையுது. மேடு ஒரே எடத்துல நிக்காது. நேத்து உடைஞ்ச எடத்துல இன்னிக்கு உடையாது. நாமளும் கட்டுமரத்த இப்புடித்தான் அலை முதுகுல ஏத்திக் கரைக்குக் கொண்டாருவோம். தண்ணி நெறத்த வச்சு மேட்டக் கண்டுபுடிப்பாரான்னு கேளு!”

என்ன சொல்கிறார் என்று பீட்டர் ஆவலாக என்னைப் பார்த்தார். அதற்குள் சூப்பரிண்டெண்ட் வாசலில் வந்து நின்றார். “படங்கள் அழகாக இருக்கின்றனவாம்” என்றேன் ஆங்கிலத்தில்.

“கடலைப் பார்த்திருக்கிறாரா?” என்றார் பீட்டர்.

“ஒரு தடவை.”

பாவம், பீட்டர் அலை எப்படி எழும் என்று கையை அசைத்து அசைத்து அப்பாவுக்கு விளக்கினார். அப்பா பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில், “அந்த மனுசனுக்குக் கடல் தெரியும்டா. அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா இப்போது இல்லை. இனிச் சொல்லி என்ன?

மறுவாரம் அவரை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். சுற்றிலும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. எதிர் இருக்கையிலிருந்த தமிழர், “ஐயாவுக்கு என்ன தொழில்?” என்றார். உண்மையைச் சொல்லிவிடுங்கள் அப்பா என்று உள்ளுக்குள் தவித்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். “வாத்தியாருங்க,” என்றார். “ரிடையராயிட்டேன்.”

ஊரில் இறங்கியதும் அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். நான்தான் இன்றுவரை இங்கே வாத்தியார் மகன்.