கை கோத்தால் பாடும் பெஞ்சு

லெமுவேல் கேதருக்கு நாற்பத்தெட்டு வயதில் மறுபடியும் மாணவராகும் பாக்கியம் கிடைத்தது. பால்டிமோரில் நகரப் பேருந்துகளின் மின்வேலைப் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். மாலை வகுப்பில் படித்து எப்படியோ ஒரு பட்டமும் வாங்கியிருந்தார். அவர் போகும் கிறிஸ்தவ சபையில் அவர் டீக்கன், போதகருக்கு உதவியாளர். மைக்கும் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பு. மனிதர் தொட்டால், நகர்ந்தால், மூச்சு விட்டால் பதில் கொடுக்கும் பொருள்களைச் செய்யக் கற்றுத்தரும் மேற்படிப்பு ஒன்று இருக்கிறது, ஊடாடும் ஊடகம் என்று அதற்குப் பெயர் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெபித்துவிட்டு வேலையை விட்டார். மனைவி ஒடெல்லா ஆஸ்பத்திரிச் சலவையறையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். சபைப் பாடகர் குழுவில் அவள் நின்ற இடம் அன்றிலிருந்து காலியாகவே கிடந்தது.

கடைசிப் பரீட்சைக்கென்று அவர் செய்தது ஒரு பெஞ்சு. இரண்டு முனையிலும் கை வைக்கப் பித்தளைத் தகடு. இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் தகட்டில் ஒரு கையை வைத்து, மறு கையால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டால் போதும். உடம்பு வழியே தெரியாத அளவுக்கு மின்சாரம் ஓடி, பெஞ்சு பாடும். பழைய பாடகர் குழு வார்த்தையில்லாமல் ராகமாக முனகுவதைத்தான் பதிவு செய்து அதற்குள் வைத்திருந்தார். அதில் ஒடெல்லாவின் குரலும் இருந்தது.

அந்தப் படிப்பில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. செய்த பொருளை மற்றவர்கள் தொட்டுப் பார்க்கும்போது, செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது, சைகையும் காட்டக் கூடாது. ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதல் சோதனையில் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் இந்த ஓரம், இன்னொருவர் அந்த ஓரம். நடுவில் ஆள் படுக்கும் அளவு இடம். போனைப் பார்த்தார்கள், பெஞ்சைத் தட்டினார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள், எழுந்து போனார்கள். பெஞ்சு ஊமையாக இருந்தது. கடைசியில் லெமுவேல் பொறுக்கமாட்டாமல், "ஐயா, கையைப் பிடிங்களேன்!" என்று கத்திவிட்டார்.

பேராசிரியை இங்க்ரிட் பேனாவை மூடினார். "லெமுவேல், நீங்க பேசிட்டீங்க. இது கணக்குல சேராது. இன்னொரு தடவை பார்ப்போம். அதுலயும் வரலன்னா அடுத்த வருஷந்தான்."

அடுத்த வருஷம் என்றால் ஒடெல்லாவுக்கு இன்னொரு வருஷ ஞாயிறுகள் போகும். அந்த நினைப்பே அவரை அரித்தது.

வீட்டில் வறுத்த மீனும் சோளரொட்டியும் ஆறிக் கிடந்தன.

"என்ன லெம், சாப்பாட்டைத் தொடவே இல்ல?"

"ஒருத்தரும் கையப் பிடிக்கல, ஒடெல்லா."

"யார் கைய?"

"பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கையத்தான்."

"முன்னபின்ன தெரியாதவங்க கைய எதுக்குப் பிடிக்கணும்? பஸ்ல எவனாவது என் கையப் பிடிக்கட்டும், குடையாலயே சாத்திருவேன்."

"நம்ம சபையில எல்லாரும் பிடிக்கிறோமே?"

"அங்க போதகர் 'கையக் கோத்துக்கங்க'ன்னு சொல்றாரு. உன் பெஞ்சுக்குப் போதகர் யாரு?"

பெஞ்சைச் செய்யும்போது முயன்று பார்க்க லெமுவேல் கூட்டி வந்ததெல்லாம் சபை ஆட்களைத்தான். பெஞ்சைப் பார்த்ததும் கை கோத்துக்கொள்ளாத மனிதரை அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிறன்று ஆராதனையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆண்டவரே, வழி காட்டும் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஆசீர்வாதம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். சபையின் பழைய இருக்கைகள் ரொம்பத் தாழ்வு. பருமனான ஒரு சகோதரி இரண்டு தரம் எம்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் பேசாமல் கையை நீட்டினாள். அவரும் பேசாமல் பிடித்து இழுத்தார். போதகர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் லெமுவேல் ரம்பத்தோடு கல்லூரிப் பட்டறைக்குப் போய் பெஞ்சைக் கவிழ்த்தார். கூடப் படிக்கும் ஹேஜின் ஓடி வந்தாள். வகுப்பில் எல்லாரையும் போல அவளும் அவரை டீக்கன் என்றுதான் கூப்பிடுவாள்.

"டீக்கன், பைத்தியமா பிடிச்சிருக்கு? பரீட்சைய வச்சுக்கிட்டு யாராவது காலை வெட்டுவாங்களா?"

"பெஞ்சோட காலைத்தானே வெட்டுறேன்."

"இதுலயும் தோத்துப் போங்க, உங்க காலை ஒடெல்லாம்மா வெட்டுவாங்க."

அவர் சிரித்தார். ஆனால் ரம்பத்தை வைக்குமுன் மூன்று தரம் அளந்து பார்த்தார். வெட்டியதை ஒட்ட முடியாது.

பரீட்சை அன்று ஒடெல்லா அவர் சட்டைப்பையில் ஒரு பிடி புதினா மிட்டாய் போட்டாள். "பேச்சு வந்தா ஒண்ணை வாய்ல போட்டுக்க. பாவம், போதகர் பிரசங்கத்துக்கே நீ இதைத் தின்னுதான் முழிச்சிருக்க."

கூடம் நிறைய ஆட்கள். முதலில் உட்கார்ந்தது இரண்டு வாலிபர்கள். கால்பந்து ஆடுகிற உடம்பு. தாழ்ந்த பெஞ்சு அவர்களுக்கு ஒரு பொருட்டா? துள்ளி எழுந்து போனார்கள். அடுத்து ஒரு பெண், முழங்காலைக் கட்டிக்கொண்டு சுகமாக உட்கார்ந்துவிட்டு, தானே எழுந்தாள். லெமுவேல் ஒரு மிட்டாயை வாயில் போட்டார். அது கரைவதற்குள் இன்னொன்று. எதற்கு வெட்டினேன், எதற்கு வெட்டினேன் என்று தன்னையே நொந்துகொண்டார். இங்க்ரிட் ஏதோ குறித்துக்கொண்டார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சை நடுவர்கள் இருவர் மிச்சம். மிசஸ் பிராண்டன் என்ற வயதான அம்மாள். தாடி வைத்த அருங்காட்சியகக்காரர் ஒருவர். ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள்.

"இது என்ன, என்னைத் தரையிலயே உக்கார வச்சுட்டாரு?" என்றார் அம்மாள். தாடிக்காரர் பெஞ்சின் அடியை எட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, பார்த்தாச்சு. போவோம்," என்றார் அம்மாள்.

தகட்டில் கையை ஊன்றி எம்பினார். முட்டி ஒத்துழைக்கவில்லை. மறுபடி எம்பினார். லெமுவேலின் கால் தானாக முன்னே போனது. உதவி என்று வந்தால் அவருடைய கால் நிற்காது. ஹேஜின் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கர்த்தாவே, ஒரு பெரிய மனுஷியை இப்படித் தவிக்கவிட்டு நிற்கிறேனே என்று அவருக்குக் கண் கலங்கியது.

"ஏம்ப்பா தாடி, மரம் மாதிரி உக்காந்திருக்க? கையக் குடு!" என்றார் அம்மாள்.

தாடிக்காரர் ஒரு கையைத் தகட்டில் ஊன்றியபடி நடுவில் சாய்ந்து மறு கையை நீட்டினார். அம்மாள் பிடித்தார்.

பெஞ்சு பாடியது.

அம்மாள் திடுக்கிட்டுக் கையை விட்டார். சத்தம் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அம்மாளே மெல்லத் திரும்பக் கையை நீட்டினார். முனகல் எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. அதற்குள் ஒரு குரல் மட்டும் கொஞ்சம் தாமதித்து ஏறும். அது யாருடைய குரல் என்று லெமுவேலுக்குத் தெரியும். முன்னால் வந்து போன வாலிபர்கள் ஓடி வந்து நடுவில் நெருக்கி உட்கார்ந்து கை கோத்தார்கள்.

இங்க்ரிட் பேனாவை மூடினார். "முடிஞ்சுது லெமுவேல். இப்ப நீங்க பேசலாம்."

மிட்டாய் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. முதல் வேலையாக அவர் அம்மாளைத் தூக்கிவிட வேண்டும் என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினார்.

"இருங்க, இருங்க," என்றார் மிசஸ் பிராண்டன். "என்ன அவசரம்? நான் இப்ப எந்திரிக்கிறதா இல்ல."