ஒரு நாளா, நாலு நாளா

மேசையில் இரண்டு படிவங்கள் கிடந்தன. ஒன்று ஒரு நாள் அறிமுகப் பயிற்சிக்கு உரியது. காலையில் கொஞ்சம் விளக்கம் சொல்வார்கள், பிறகு பயிற்றுநர் கையோடு கூட்டிக்கொண்டு கடலுக்குள் ஒருமுறை இறக்கி ஏற்றுவார், மாலையில் ஒரு சான்றிதழ் தருவார்கள். மற்றது நாலு நாள் அடிப்படைப் பயிற்சி. வகுப்பு உண்டு, பரீட்சை உண்டு, ஆழம் குறைந்த தண்ணீரில் ஒவ்வொன்றையும் செய்து காட்ட வேண்டும், அதன் பிறகுதான் ஆழக்கடல். என் மனைவியின் தம்பி முதல் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பேனையைத் திறந்துவிட்டான். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

“மச்சான், எனக்கு வேண்டிய பேப்பர் இதிலயே வருது” என்றான். “ஏழு வருசமாக் கடலுக்க இறங்குறன். எனக்கு என்னத்தப் படிச்சித் தரப்போறாங்க?”

“அத உன்ட ராத்தாக்கிட்டச் சொல்லு.”

அக்காவின் பேச்சை எடுத்ததும் அவன் பேனையை மூடினான். சாய்ந்தமருதிலிருந்து பாசிக்குடா வரைக்கும் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவன் வழியில் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்தக் கோபம் முழுவதும் இப்போது முகத்தில் தெரிந்தது.

அவன் கடலட்டை குளிக்கிறவன். வடக்குப் பக்கம் போகிற படகுகளில் ஏறி, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடிக்குப் போய், அட்டை பொறுக்கி மேலே வருவான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. முன்னால் இறங்கியவனைப் பார்த்துப் பின்னால் இறங்கியவன். போன பருவத்தில் அவனுடைய கூட்டாளி ஒருவன் மேலே வந்து, படகின் விளிம்பைப் பிடித்தபடி இருமி, வாயால் இரத்தம் வந்து, கரைக்குக் கொண்டுவருவதற்குள் மௌத்தாகிவிட்டான். நெஞ்சு வருத்தம், முன்பே இருந்த நோய் என்று ஊரில் சொன்னார்கள். அந்தக் கூட்டாளியின் உம்மாவும் அப்படித்தான் நம்புகிறார். அவர் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறார்.

அதற்குப் பிறகு படகுக்காரர் பயந்துபோய், இனி வருகிறவர்கள் நீரடிப் பயிற்சி எடுத்ததாக ஏதாவது ஒரு பேப்பர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஏதாவது ஒன்று. என்ன பேப்பர் என்று அவர் பார்க்கப்போவதில்லை.

என் மனைவி பார்த்தாள். “ஒரு நாள் கூத்துக்கெல்லாம் நான் ஒத்துக்க மாட்டன்” என்றாள். “படிக்கிற எண்டா முழுசாப் படிக்கணும். இல்லாட்டி இந்தத் தடவ அவன் போகவும் தேவல்ல.” தம்பிக்காரன் சிரித்துவிட்டு, நானும் கூடவே நாலு நாள் இறங்கினால் தானும் இறங்குவதாகச் சொன்னான். நான் மாட்டேன் என்று சொல்வேன் என்பதுதான் அவன் கணக்கு. ஊரறிந்த விசயம், நான் கடற்கரையில் காற்று வாங்கப் போனாலும் சாரத்தின் நுனி நனையாமல் திரும்பி வருகிறவன். ஆனால் எனக்கு மூக்கு நுனியில் கோபம். சரி என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கடல் ஞாபகத்துக்கு வந்தது.

ஆகவே இருவரும் நாலு நாள் படிவத்தில் கையெழுத்து வைத்தோம்.

பயிற்றுநர் திருகோணமலைக்காரர், முப்பது வயதிருக்கும். நான் விஞ்ஞான ஆசிரியர் என்று தெரிந்ததும் என்னை ‘சேர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அன்று மத்தியானமே அந்த மரியாதைக்கு நான் தகுதியில்லாதவன் என்று காட்டிவிட்டேன். நெஞ்சளவு தண்ணீரில் முழங்காலில் இருந்துகொண்டு, வாயில் கவ்விய குழலால் மூச்சு விட்டபடி, முகத்திலிருக்கும் கண்ணாடியை முழுதாகக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். ஒரு நாள் பயிற்சியில் இது கிடையாது. நான் கண்ணாடியைக் கழற்றினேன். தண்ணீர் முகத்தில் பட்டது. அடுத்த கணம் என் மூக்கு அதை உள்ளே இழுத்துவிட்டது.

ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது, அதுதான் கேவலம். ஏழு வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தடவை தொழுகைக்கு முன் வுழூ எடுக்கிறேன். கையில் தண்ணீரை அள்ளி மூக்குக்குக் கொடுத்து, உள்ளே இழுத்துச் சீறுகிறேன். முகத்தில் தண்ணீர் பட்டால் மூக்கு தன் வேலையைச் செய்யும், என்னைக் கேட்காது. உப்புத் தண்ணீர் மண்டைக்குள் ஏற, துள்ளி எழுந்து, இருமி, கண்ணும் மூக்கும் ஒழுக நின்றேன். நாலு தடவை முயன்றேன். நாலு தடவையும் அதே கதைதான். என் மச்சான் ஒரே தடவையில் செய்து முடித்துவிட்டுக் கைகட்டி நின்றான்.

திரும்பி வருகையில் அவன் பின்னாலிருந்து வாய் திறந்தான். “மச்சான், நாளைக்குப் போய் ஒரு நாள் படிப்புக்கு மாத்துவமே. உங்களுக்கும் நல்லம். ராத்தாக்கு நான் சொல்றன்.”

அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை, சந்தோசமாகவே இருந்தது. மாற்றினால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் விட்டால் அவனும் விடுவான், பேப்பரை வாங்கிக்கொண்டு அடுத்த கிழமை படகேறுவான். கூட்டாளி போன மாதிரி இவனும் போனால், அந்தச் செய்தியை என் மனைவியிடம் நான்தான் சொல்ல வேண்டி வரும். கல்லாறு தாண்டும் வரைக்கும் இதுவே மண்டைக்குள் ஓடியது. “பார்ப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் நல்லபடி நடந்தது என்று பொய் சொன்னேன். அவள் என் சிவந்த கண்ணைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் பெரிய வாளியை நிரப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தாள். தம்பிக்காரன் அவளுக்கு முன்பே டெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

“முகத்தை உள்ள வெச்சி மூக்கால ‘ம்ம்’ எண்டு இழுங்க” என்றாள். “காத்து வெளிய போகக்குள்ள தண்ணி எப்படி உள்ள வரும்? நீங்கதானே புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற.”

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு முனகினேன். மூச்சு முட்டி நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் துவாயோடு நின்றாள். அவள் சிரிக்கவில்லை. ஒரு தடவையாவது சிரித்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இரண்டாம் நாள் மூன்றாவது முயற்சியில் கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டேன். பயிற்றுநர் தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு நடந்த வகுப்பில் அவர் பலகையில் பலூன் கீறி, ஆழத்தில் அழுத்தம் கூட, மேலே வர வரக் காற்று விரியும் என்று விளக்கினார். பதினாறு வருசமாகப் பத்தாம் வகுப்புக்கு நான் கீறுகிற அதே பலூன். நான் தலையாட்டினேன். மச்சான் யன்னலுக்கு வெளியே படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் படகில் ஆழத்துக்குக் கூட்டிப்போனார்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்து ஆறு மீற்றர் கீழே போய், அங்கிருந்து காற்று முடிந்துவிட்டது போல வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் மேலே வர வேண்டும். குழல் வாயிலேயே இருக்கும். ஆனால் வழி முழுக்க ‘ஆ’ என்று மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும், ஓரிடத்திலும் நிறுத்தக் கூடாது.

முதலில் நான் போனேன். அடக்கிவைக்க எனக்கு மூச்சே கிடையாது, அதனால் கத்திக்கொண்டே வந்து சேர்ந்தேன். பயிற்றுநர் சரி என்று கைகாட்டினார்.

அடுத்து மச்சான் போனான். நான் படகில் இருந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. பயிற்றுநர் அவனுடைய தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறினார். பாதி வழியில் அவனுடைய மூச்சுக் குமிழி நின்றது. உடனே அவர் இறுக்கிப் பிடித்து அவனை நிறுத்தி, மூச்செடுக்க வைத்துத் திரும்பக் கீழே கொண்டுபோனார். இரண்டாம் தடவையும் அதே இடத்தில் குமிழி நின்றது. மூன்றாம் தடவை ஏறத் தொடங்கியதுமே நின்றுவிட்டது. அவர் மெதுவாக அவனை மேலே கூட்டிவந்தார்.

“ஏன் இழுத்துப் புடிக்கிறீங்க?” அவன் குழலைத் துப்பிவிட்டுக் கேட்டான். “உட்டா நான் வந்திருப்பன்தானே.”

“மூச்ச அடக்கிறீங்க, தம்பி.”

“சின்ன வயசில இருந்து அடக்கிக்கிட்டுத்தான் ஏறுற. ஒண்டும் நடக்கல்ல.”

“அது மேல எடுத்த மூச்சு, அத அடக்கலாம். சிலிண்டர்ல இருந்து கீழ வெச்சு எடுத்த மூச்ச அடக்கினா, மேல வரக்குள்ள அது உள்ள விரியும். நுரையீரல் கிழிஞ்சிரும்.” அவர் கோபப்படாமல்தான் சொன்னார். “இருமல் வரும். வாயால ரத்தம் வரும். பெரிய ஆழம் தேவையில்ல, இந்த ஆழமே போதும்.”

மச்சான் கயிற்றை விட்டுவிட்டான். பிறகு படகில் ஏறி, சிலிண்டரைக் கூடக் கழற்றாமல் முன்னால் அணியப் பக்கமாகப் போய் உட்கார்ந்தான். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருசம் அந்தப் பலூனைக் கீறியும், அது ஒரு மனிசனின் நெஞ்சு என்று எனக்குத் தோன்றியதில்லை. கிட்டப் போய் உட்கார்ந்தேன்.

“நெஞ்சு வருத்தம் இல்ல, என்ன மச்சான்?” என்றான்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“அண்டைக்கு அவனுக்குக் கீழ காத்து முடிஞ்சிட்டு. என்னைப் பாத்தான். நான் பக்கத்துலதான் நிண்டன்.” அவன் தன் உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் அழுத்திப் பொத்திக் காட்டினான். “இப்படிப் பொத்திக்கிட்டு ஏறு எண்டு கையால காட்டினன். அவன் நான் சொன்ன மாதிரியே ஏறினான்.”

மையத்து வீடுகளில் சொல்கிற ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் எனக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, “உனக்குத் தெரியாதே” என்றேன்.

“தெரியாதுதான்.”

படகு ஆடிக்கொண்டிருந்தது. பயிற்றுநர் எங்களைப் பார்த்தார், என்னவோ நடந்திருக்கிறது என்று அவருக்கும் புரிந்தது. இன்றைக்கு இவ்வளவு போதும், மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்றார். மச்சான் தலையாட்டி மறுத்தான். கண்ணாடியை முகத்தில் இழுத்து மாட்டிக்கொண்டு தானாகவே தண்ணீரில் இறங்கினான்.

நான் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். இரண்டு பேரும் அடிக்குப் போய் நின்றார்கள். பிறகு ஏறத் தொடங்கினார்கள். குமிழி வந்தது. பாதி வழி வந்தும் நிற்கவில்லை. நானும் என்னை அறியாமல் ‘ஆ’ என்று மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன். குமிழிகள் கடைசி வரை நிற்காமல் வந்து, அவற்றின் நடுவில் அவனுடைய தலை வெளியே வந்தது.

“சரியாச் செஞ்சிட்டீங்க, தம்பி” என்றார் பயிற்றுநர்.

அவன் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணாடியைக் கழற்றினான். அழுதுகொண்டிருந்தான்.

“இவ்வளவுதானா, மச்சான்?” என்றான்.

“ஓம்” என்றேன். “இவ்வளவுதான்.”