சாம்பலோடு நின்ற கதை

இலங்கை மலையகத்தின் நோர்வூட் பாதையில், மழைக்காக ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருக்கிறேன். எதிர் பெஞ்சில் பாலில்லாத பிளேன்டி குடிக்கும் ராஜு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாசி மாதக் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுபவர். கதையைச் சொல்லச் சொன்னது நான்தான்.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, காமன் சாம்பலாகிறான். கரகரத்த குரல் உடைந்து ராஜு ரதியாக அழத் தொடங்குகிறார். வடை சுடும் பெண்கூட அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்கிறாள். அந்த நேரம் பார்த்து ஹட்டன் பஸ் வருகிறது. நான் பையை எடுக்கிறேன்.

ராஜு பதறிப்போகிறார். “ஐயா, எரிஞ்ச எடத்துல எந்திரிச்சுப் போகக் கூடாதுங்க. காமனுக்கு உசுரு வர்ற வரைக்கும் எங்க தோட்டத்து லய வீடுகள்ல ஒருத்தரும் அசைய மாட்டோம். இன்னுங் கொஞ்ச நேரந்தாங்க.”

“ரயிலுக்கு நேரமாச்சுங்க. அடுத்த தடவ கேக்குறேன்.”

ஓடிப்போய் ஏறிக்கொள்கிறேன். ஈரக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, ராஜு மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஹட்டனில் ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். அந்த வெறும் பெஞ்சுக்கு இந்நேரம் காமன் எழுந்திருப்பான். எனக்கு எழவில்லை.