பெரிய வெள்ளியன்று பிடுங்கிய ஆணிகள்

போன வியாழக்கிழமை, கரும்பலகையில் பாதிக் கணக்கு நிற்கும்போது பியூன் வந்து வகுப்பு வாசலில் நின்றார். "ரூபி சிஸ்டர் வெள்ளனே போய்ச் சேர்ந்துட்டாங்க சார்" என்றார். மீதிக் கணக்கை அன்று நான் போடவில்லை.

எங்கள் பள்ளி மருந்தகத்தில் அவர் நர்ஸாக இருந்ததையோ, கல்யாணமே வேண்டாம் என்று இருந்ததையோ உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி குத்திய இடம் இன்னும் ஞாபகம் இருக்கும். "கத்துறத அப்புறம் கத்திக்க, இப்ப கையக் குடு" என்பார். வாத்தியார்களுக்கும் அதே வைத்தியம்தான்.

ஓய்வு பெற்ற மறு வருடம், ஐப்பசி மழையில், பெருமாள்மலை வீட்டின் பின்வாசலில் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மாசி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கையில் நாலுகால் வாக்கர். வீட்டுக்குள் நடந்துவிடுவார். வெளியே எப்படி வருவது? முன்பக்கம் எட்டுக் கல்படி. பின்பக்கம் நிலைப்படிக்குக் கீழே ஒரு முழப் பள்ளம், சேறு. மதுரையில் இருந்த தம்பி ஞானராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஈஸ்டருக்கு வர்றேன்க்கா. யாரு கையும் பிடிக்காம நீ வெளிய வந்து காட்டு, இங்கயே இரு. இல்லைனா எங்கூட மதுரைக்குக் கெளம்பு."

சிஸ்டர் எனக்கு ஆள் அனுப்பினார். "கணக்கு சார், நிலைப்படி உசரத்துக்கு, தோட்டத்து மேடு வரைக்கும் பலகை போடப்போறோம்." அதுவரை நான் சுவரில் காலண்டர் மாட்டக்கூட ஆணி அடித்தவனில்லை. ஆனால் அவரிடம் முடியாது என்று சொன்னவர் யார்?

தட்டைக் கற்களின் மேல் மூன்று தைல மரக் கட்டைகள். மட்டம் பார்க்க, குளுக்கோஸ் ஏற்றும் டியூப் மூன்றை ஒன்றாக இணைத்துத் தண்ணீர் நிரப்பினார். வாசலில் நாற்காலி போட்டு ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையோடு நான் சேற்றில் தவழ்ந்தேன். "தண்ணி பொய் சொல்லாது சார். நீங்கதான் குனிஞ்சு பாக்க மாட்டேங்கிறீங்க."

பலகைகள் தாண்டிக்குடியிலிருந்து ஜீப்பில் வந்தன. காபிக் கிடங்கில் இரண்டு வருடம் கிடந்து முறுகக் காய்ந்த சில்வர் ஓக். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சந்து விடச் சொன்னார் சிஸ்டர். தொண்டை பார்க்கும்போது நாக்கை அழுத்துகிற குச்சிகள் இரண்டைச் சேர்த்து, "இந்தக் கனம் போதும்" என்று நீட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாக்கரின் கால் சந்தில் மாட்டும் என்று வாதாடி, மயிரிழை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடித்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஊரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மூன்று நாள் விடாத மழை. பெரிய வியாழன் சாயங்காலம் போய்ப் பார்த்தால், ஊறிய பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, நடுவில் பன்றி முதுகாக எழும்பிக் கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் பெரிய வெள்ளி. அன்று ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஞாயிறு தம்பி வந்துவிடுவார்.

"அடிக்கத்தான் கூடாது. புடுங்கலாம்ல?" என்றார் சிஸ்டர். "ஆணியப் புடுங்கினா ஆண்டவருக்கு என்ன வருத்தமா இருக்கப்போவுது? வெரசா ஆரம்பிங்க சார்."

கோவிலில் மூன்று மணி ஆராதனை நடந்துகொண்டிருந்தது. விபூதி பூசிய நான் சிலுவை மாட்டிய வீட்டு வாசலில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து வளைந்த ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தப் போனார். தட்டினால் அதுவும் அடிப்பதுதானே என்று யோசித்து, சனிக்கிழமைக்கு எடுத்து வைத்தார். சனி முழுக்க, சந்துக்கு இரண்டு குச்சி வைத்து அடித்தோம். ஒரு பலகை மிஞ்சியது. அதன்மேல் அவர் இரண்டு குச்சிகளைச் சேர்த்து வைத்தார். அதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞானராஜ் பையோடு தோட்டத்தில் நின்றார். கதவு திறந்தது. வாக்கர் முதலில் வந்தது, பிறகு சிஸ்டர். பதினோரு அடி. நான் எண்ணினேன். கடைசிப் பலகையில் நின்று நிமிர்ந்தார். "ஏலே ஞானம், பாத்தியா?"

ஞானராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, இரண்டு தரம் குதித்துப் பார்த்தார். அசையவில்லை. "அப்ப நான் மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்புறேன்க்கா" என்றார். "கறிக்கொழம்பு ஆக்கி வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ" என்றார் சிஸ்டர். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்தேன்.

அதன்பின் ஏழு வருடம் அந்த வீட்டில் அவர் ராஜ்ஜியம். வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு எடுக்கும்போது ஞானராஜ் சொன்னார், "முன்பக்கம் வேணாம். இதுதான் அக்கா வழி." ஆறு பேர் பெட்டியோடு பலகையில் நடந்தார்கள். பலகையில் ஒரு முனகல் இல்லை. பிறர் கையில் அவர் அதைக் கடந்தது அன்று ஒரு நாள்தான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பெருமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன்: ஒருவர் கையும் பிடிக்காமல் ஏழு வருடம் தன் வீட்டைவிட்டு வெளியே வந்தாரே ஒரு பெண், அவர் காலுக்குக் கீழே ஆணி அடித்தவன் நான்.