இரவல் போன பெட்டி

என் வீட்டுக்காரர் அழகர்சாமிக்கு வாயில் வராத ஒரே சொல் ‘இல்லை.’ மதுரையிலிருந்து டில்லி வந்து, மத்திய சர்க்காரில் கிளார்க் ஆகி, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடியேறி, ஹிந்தி கற்றுக்கொண்டார். சப்பாத்தி உருட்டக்கூடக் கற்றுக்கொண்டார். அந்த ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் ஏணி எங்கள் வீட்டில் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இட்லிப் பானையைத் தேடி நான் நாலு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சூட்கேஸ் விஷயத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அது எங்கள் மகள் செல்வியின் கல்யாணத்துக்கென்று கரோல் பாக்கில் கடை கடையாக ஏறி இறங்கி நான் வாங்கிய பெட்டி. கெட்டியான நீலப் பெட்டி, உள்ளே வெள்ளைத் துணி லைனிங். வாங்கி வந்த வாரமே ஆபீஸில் யாரோ மாஸ்கோ போகிறார் என்று கொடுத்துவிட்டார். அப்புறம் ஜெனீவா, டோக்கியோ. நாங்கள் ஊருக்கு ரயிலில் தகரப் பெட்டியோடு போவோம். எங்கள் சூட்கேஸ் மட்டும் விமானம் ஏறும். திரும்பி வரும்போது கைப்பிடியில் விமானக் கம்பெனிச் சீட்டு தொங்கும். அதைப் பத்திரமாக அவிழ்த்துப் பார்த்து, “நம்ம பெட்டி ஜப்பான் பாத்துருச்சு பாப்பம்மா!” என்று சந்தோஷப்படுவார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

செல்விக்கு வரன் அமைந்தது. பையன் வேணு, ரயில்வேயில் வேலை, கரோல் பாக்கில் வீடு. தகப்பன் குடித்தே செத்தவர். அம்மா தாயம்மாள் நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அண்ணே, உங்க வீட்டுல யாருக்கும் குடிப்பழக்கம் இல்லையே? என் மகன் அந்த வாடையிலயே வளந்தவன். இனிமே அது என் வாசப்படி ஏறக் கூடாது.”

“அழகர் மலையான் மேல சத்தியமாச் சொல்றேன் தங்கச்சி. எங்க பரம்பரையிலயே கெடையாது” என்றார் இவர். அது உண்மைதான்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜோதிலிங்கம் வந்தார். இவருடைய ஆபீஸில் பெரிய அதிகாரி, கோயம்புத்தூர்க்காரர். ரோமில் ஏதோ மாநாடாம். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, “அழகர்சாமி, அந்த நீலப் பெட்டி சும்மாத்தானே இருக்குது?” என்றார்.

நான் சமையலறையிலிருந்தே, “அது கல்யாணத்துக்கு வச்சிருக்கு சார்” என்று சத்தமாகச் சொன்னேன். அதற்குள் இவர் பரண் மேல் ஏறிவிட்டார்.

பெட்டி திரும்பி வந்தபோது கூடவே ஒரு சாக்லேட் பாக்கெட்டும் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம். திறந்தேன். பினாயில், டால்கம் பவுடர், அதற்கு அடியில் ஒரு புளித்த நாற்றம். கீழே விரித்திருந்த காகிதத்தைத் தூக்கினால், வெள்ளை லைனிங்கில் பாதி கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

“போய்க் கேட்டுட்டு வாங்க” என்று இவரை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தார், அதிகாரி வீட்டில் பக்கோடாவும் சாப்பிட்டுவிட்டு.

“பாவம் பாப்பம்மா. ரெண்டு பாட்டில் வைன் வாங்கிருக்காரு. ஒண்ணைக் கையில தூக்கிட்டு வந்துட்டாரு. ரெண்டையும் கையில வச்சிருந்தா கஸ்டம்ஸ்காரன் கேப்பான்னு இன்னொண்ணைக் கம்பளி பனியன்ல சுத்திப் பெட்டிக்குள்ள வச்சாராம். இங்க வந்து தொறந்தா கழுத்து ஒடைஞ்சு கெடக்கு. நல்ல வைனாம். மனுசன் ரொம்ப வருத்தப்படுறாரு.”

“அவரு வைனுக்கு வருத்தப்படுறாரு. நம்ம பெட்டிக்கு?”

“அதை நான் கேக்கல.”

கேட்க மாட்டார். விமானத்தில் மூட்டை ஏற்றுகிறவன் பெட்டியைப் பூ மாதிரியா வைப்பான்? தூக்கித்தான் எறிவான். படித்த அதிகாரிக்கு இது தெரியவில்லை. பாத்திரமறிந்து பிச்சை போடு என்பார்கள். இவரோ பாத்திரத்தையே பிச்சை போடுகிறவர்.

சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். மொட்டை மாடியில் காயவைத்தேன். டில்லி வெயிலில் தார் ரோடே உருகும், ஒரு பெட்டி காயாதா? வேப்பிலை, கற்பூரம், நாப்தலின் உருண்டை எல்லாம் போட்டு மூடி வைத்தேன். கடைசியில் முகர்ந்தபோது நாப்தலின் வாசனை மட்டும்தான் வந்தது. புதுக் காகிதம் விரித்துச் செல்வியின் புடவைகளை அடுக்கினேன்.

காலையில் மண்டபத்தில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட வேண்டும். ஜோதிலிங்கம் தன் காரைக் கொடுத்திருந்தார், தானே ஓட்டியும் வந்தார். காலையிலேயே ஏற்றி வைத்த பெட்டி அதுவரை அந்தக் காரின் டிக்கியில், ஜூன் மாத வெயிலில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. அது எனக்குக் கரோல் பாக்கில் இறங்கும்போதுதான் உறைத்தது. வேகவைத்தால் எந்தச் சரக்குக்கும் வாசனை ஏறும் என்பது சமைக்கிறவளுக்குத் தெரியாதா?

வந்த பெண்ணின் பெட்டியை மாமியார் திறந்து முதல் புடவையை எடுத்துக் கொடுப்பது அவர்கள் வழக்கம். “அப்புறம் பாத்துக்கலாம் மதினி, பிள்ளை களைச்சிருக்கா” என்று சொல்லிப் பார்த்தேன். தாயம்மாள் சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை அழுத்தினாள். மூடி திறந்தது.

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. குனிந்து ஒரு புடவையை எடுத்து முகர்ந்தாள். கூடம் முழுக்க உறவுக்காரர்கள். செல்வி என்னைப் பார்த்தாள். மாலை போட்ட கழுத்தோடு அந்தப் பிள்ளை நின்ற நிலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

“என்ன வாடை இது, அண்ணே?”

“வைன் வாடைதான் தங்கச்சி” என்றார் இவர். “பெட்டி எங்களுதுதான்.” அதோடு வாயை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற ஜோதிலிங்கம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “இவரு சொல்ல மாட்டாரு மதினி, நான் சொல்றேன். இந்த சார்தான் பெட்டியை இரவல் வாங்கிட்டுப் போயி அதுல பாட்டிலை ஒடைச்சுக் கொண்டாந்தாரு!”

“ஏனுங்கம்மா, நானா? நான் அதைக் கையில தொட்டதே இல்லீங்களே. அழகர்சாமி, நீங்க சொல்லுங்க” என்றார் ஜோதிலிங்கம்.

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். மகளின் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் நின்றது. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தாயம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “குடிகாரனோட குடும்பம் நடத்துனவ நான், மதினி. குடிக்கிறவன் எவனும் வாடையை ஒத்துக்க மாட்டான். தொட்டதே இல்லைன்னுதான் சொல்லுவான். நீங்க பயப்படாதீங்க. செல்வி இனி எம்மக.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புடவைகளை அவளே எடுத்துக் கொடியில் போட்டாள். காலிப் பெட்டியை மூடி என் கையில் கொடுத்தாள். “இது மட்டும் இந்த வீட்டுல வேணாம்.”

வாசல் வரை வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. என் வீட்டுக்காரரும் பொறப்புலயே குடிகாரர் இல்ல. அண்ணன் மாதிரிதான், தங்கமான மனுசன். யாரு என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது. ஆபீஸ்ல பெரியவங்க ஒரு நா கிளாஸை நீட்டுனாங்க. வேணாம்னு சொல்ல வாய் வரல. அப்படித்தான் ஆரம்பிச்சுச்சு.”

நான் தெருவைப் பார்த்தேன். ஜோதிலிங்கம் காரைக் கிளப்பி, ஒன்றுமே நடக்காததுபோல, “அச்சா, வாங்க அழகர்சாமி, ஏறுங்க! எங்க வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாம்” என்று கூப்பிட்டார்.

“வேணாம்னு சொல்லுங்க” என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “சார் கூப்புடுறாரே, பாப்பம்மா” என்றார். முன் சீட்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் ஏறவில்லை. கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு தனியாக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.