பதினேழு நிமிடக் குடும்பம்

பதினேழு நிமிடம். ஓர் உணவகத்தில் அந்தக் குடும்பம் சேர்ந்து உட்கார்ந்திருந்த அதிகபட்ச நேரம் அதுதான். பதினெட்டாவது நிமிடத்தில் சின்னவன் பக்கத்து மேஜைக்கு அடியில் புகுந்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் ஷூ நாடாக்களை அவிழ்த்துவிட்டான். அப்பா பார்சல் பெட்டி கேட்டார். அம்மா மன்னிப்புக் கேட்டார். ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அந்த அம்மாவுக்கு வயது முப்பத்து நான்கு. வெளிநாட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. மருத்துவமனையின் கருவிப் பிரிவில் வேலை. அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, லென்ஸில் பார்த்து, எண்ணித் தட்டில் அடுக்கி, நீலத் துணியில் கட்டி, கிருமி நீக்கும் நீராவி இயந்திரத்துக்குள் அனுப்ப வேண்டும். அவர் கட்டிய தட்டில் ஓர் இடுக்கி குறைந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. வீட்டில் இருப்பது இரண்டே உருப்படி. இரண்டும் வைத்த இடத்தில் இருக்காது. ஐந்து வயது மகளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் நாட்டாமை. இரண்டரை வயது மகன், புயல்.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக அந்த ஊரில் அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. அதனால் அலுவலக விருந்துக்கு அழைப்பு வரும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். மூன்று முறை அப்படி வந்தது. நான்காவது விருந்தில் அந்தக் கதை செல்லாது. கருவிப் பிரிவில் இவருக்கு எதிர் மேஜைத் தோழி வேலையை விட்டுப் போகிறார்.

ஆறு வருடம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தவர்கள். இரண்டு பிரசவத்தின்போதும் கனமான தட்டுகளை இவருக்காகத் தூக்கியவர் அந்தத் தோழி. கருவிப் பிரிவில் யாரும் கையில் வாட்ச் கட்டக் கூடாது. சுவர்க் கடிகாரமோ தோழியின் முதுகுக்குப் பின்னால். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இவரிடம் "மணி என்னடி?" என்பார். இனி அவருக்கு வேறு ஊரில், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய வாட்ச் இவர் கைப்பையில் இருந்தது. சாப்பாடு முடிந்ததும் இவர்தான் எழுந்து கொடுக்க வேண்டும். அதாவது, சாப்பாடு முடியும்வரை இந்தக் குடும்பம் உள்ளே இருந்தாக வேண்டும்.

"இந்தத் தடவையும் வயித்துவலின்னு சொல்லிப் பாரு. மாத்திரையோட நானே வீட்டுக்கு வந்துடுவேன்" என்று தோழி முன்பே எச்சரித்திருந்தார்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு விருந்து. திட்டம் தயார். பன்னிரண்டுக்குக் கணவரின் ஷிப்ட் முடியும். டிப்போ பக்கத்துக் காப்பகத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், வயிறு முட்டச் சோறு ஊட்டி, பிறகு அழைத்து வருவார். வெளியே போகும் முன் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவது அப்பா, அம்மா இருவரும் பிறந்த வீடுகளின் பழக்கமும்கூட. வெளிச் சாப்பாடு காரமாக இருக்கலாம், வரத் தாமதமாகலாம். நாலு பேர் முன்னால் பிள்ளை பசிக்கு அழுதால் மானம் போய்விடும்.

பன்னிரண்டே முக்காலுக்கு, காலை வேலையை முடித்துக்கொண்டு உணவக வாசலில் நின்றபடி கணவருக்கு போன் செய்தார்.

"எங்க இருக்கீங்க?"

"டிப்போவுல. வண்டிய மாத்திக்க வேண்டியவன் இப்பதான் வந்தான். பசங்களக் கூட்டிட்டு நேரா வந்துடறேன்."

"நேராவா? அப்ப சாப்பாடு?"

"அதுக்குத்தானே ஹோட்டலுக்குப் போறோம்?"

"உங்களுக்கு இல்லீங்க, பசங்களுக்கு! வழியில ஒரு வாழப்பழமாவது வாங்கிக் குடுங்க."

"பழம் வாங்கப் போனா, நாங்க கை கழுவத்தான் வந்து சேருவோம்."

ஒன்று ஐந்துக்கு வந்தார்கள். புயல் தன் சட்டைக் கையையே சப்பிக்கொண்டிருந்தான். நீள மேஜையில் பன்னிரண்டு பேர். அம்மா வாசலுக்குப் பக்கத்து ஓரமாக இடம் பிடித்தார். கண்ணாடித் தம்ளர்களைத் தள்ளிவைத்தார். பரிமாறுபவர் தட்டுகளை வைத்தபோது, பழக்க தோஷத்தில் இரண்டைத் திருப்பிக் கொடுக்கக் கை நீண்டது. பாதியில் நின்றது.

"அம்மா, எனக்கும் தட்டா?" என்றாள் நாட்டாமை.

"ஆமா."

"எனக்கே எனக்கா?"

"ஆமாண்டி."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "டேய், நமக்கும் தட்டு வந்திருக்கு. நேரா உக்காரு."

முதலில் ரொட்டி வந்தது. பிறகு சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு, கோழி. புயல் இரண்டு கையாலும் சாப்பிட்டான். அவன் கண் தட்டைவிட்டு நகரவில்லை. அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்து, "பதினேழு தாண்டிருச்சு" என்றார்.

"கண்ணு வைக்காதீங்க."

இருபத்தைந்தாவது நிமிடத்தில் புயல் காலித் தட்டை நீட்டினான். எதிரே இருந்த தோழிக்கு ஆச்சரியம். "இந்தப் பையனையா அடக்க முடியலன்னு சொன்னே? வழக்கமா எப்படிக் கூட்டிட்டுப் போவே?"

"நல்லா ஊட்டிட்டுத்தான்."

தோழி கரண்டியைக் கீழே வைத்தார். "ஊட்டிட்டா? அப்புறம் அவன் அங்க என்ன பண்ணுவான், மெனு கார்டு படிப்பானா?"

மேஜையே சிரித்தது. "நானும் ரொம்ப நாளா இதத்தான்…" என்று கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லல."

"சரி, சொல்லல."

நாற்பதாவது நிமிடத்தில் புயல் நாற்காலியிலிருந்து வழுக்கி மேஜைக்கு அடியில் இறங்கினான். அம்மாவின் கை கைப்பைக்குப் போனது, கிளம்புவதற்காக. எதிரே தோழியின் தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. மேஜைக்கு அடியில் சத்தமே இல்லை. அப்பா மேஜை விரிப்பை விலக்கிப் பார்த்தார். அவருடைய ஷூ மீது தலைவைத்துப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். தன் தட்டிலிருந்த கோழியை அங்கேயே கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். தோழியும் சாப்பிட்டு முடித்ததும் இவர் எழுந்தார். கைப்பையைத் திறந்தார்.

"ஆறு வருஷமா என்னையே மணி கேட்ட. இனிமே நீயே பாத்துக்க" என்று வாட்சை நீட்டினார்.

தோழி அதை அங்கேயே கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு மணி பார்த்தார். "ரெண்டு பத்து."

அறுபத்தைந்து நிமிடம்.

வரும் ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு அதே உணவகத்தில் நாலு பேருக்கு மேஜை சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று மதியம் வீட்டில் சமையல் இல்லை.