கருப்பு உரமும் ஸ்டெல்லா அக்காவின் சிறுகீரையும்

மழை மண் வாசனை வரவேண்டிய மூட்டையிலிருந்து, வயர் எரிந்த வாடை வந்தது...

திருவொற்றியூரில் தொட்டியும் உரமும் விற்கக் கடை போட்ட புதிது. ஷட்டருக்கு அடியில் மழைத்தண்ணீர் புகுந்து, மிச்சமிருந்த ஒரே கம்போஸ்ட் மூட்டை நனைந்திருந்தது. பிரித்துச் சலித்தேன். டியூப்லைட் கண்ணாடித் துண்டுகள். நசுங்கிய பேட்டரி செல். எவனோ பழைய குப்பைமேட்டைத் தோண்டி, மூட்டை கட்டி என் தலையில் கட்டியிருக்கிறான்.

வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றுதான். நல்ல கருப்பா? எங்கள் பக்கம் ஆலைப் புகையில், மாடியில் காயப்போட்ட வேட்டியிலேயே சாயங்காலத்துக்குள் கரி படியும். அந்த ஊர்க்காரனுக்குக் கருப்பைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டாமா? நன்றாக மக்கியது என்று நினைத்தேன். பாதி விலை என்பதால் அப்படி நினைக்க ஆசைப்பட்டேன்.

அதே லோடில் மூன்று மூட்டை போன மாதமே ராயபுரம் ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடிக்குப் போயிருந்தது. அவர் மகள் மேரி ஆறு மாத கர்ப்பம். ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னதால்தான் அக்கா கீரையே போட்டார்.

டிவிஎஸ் 50-ஐ எடுத்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டேன். மண்ணில் வேர்ப்பூச்சி, எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று. கடை பெயர் கெடாது.

அக்கா முறத்தில் சிறுகீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பொய்யை ஆரம்பித்தேன்.

“பூச்சியா? மேரி நாலு நாளா இத்தத்தான் துன்னுகினு கீறா. ஒண்ணியும் காணோமே நைனா.”

நாலு நாளா...

அதற்குமேல் பொய் வரவில்லை. பேட்டரி, கண்ணாடி, குப்பைமேடு எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. முறத்தைத் தள்ளி வைத்தார். “என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? உள்ள கீறா. அவளாண்ட போய் சொல்லு.”

போய்ச் சொன்னேன். மேரி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“வாங்கசொல்ல, எங்கேந்து வந்துச்சின்னு கேக்கலையாண்ணா?”

கேட்கவில்லை.

பேட்டரி ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ரிசல்ட் வந்ததும், பயப்படும்படி இல்லை, அந்தக் கீரை மட்டும் இனி வேண்டாம் என்றார் டாக்டர். மாடி மண் முழுவதையும் நானே அள்ளி இறக்கினேன். ஆனாலும் பிரசவம் வரைக்கும், ராயபுரத்திலிருந்து போன் வந்தாலே, மேரிக்கு எத்தனை மாதம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

அதன்பின் இரண்டு வருடம் அக்கா என்னிடம் தொட்டி மட்டும்தான் வாங்கினார்.

இப்போது மாதவரம் மாட்டுக்கொட்டகையில் நானே நின்று சாணம் ஏற்றுகிறேன். ஒவ்வொரு லோடிலும் ஒரு கைப்பிடி லேபுக்குப் போகிறது. வெந்தயம் தூவி முளைக்கிறதா என்றும் பார்ப்பேன். ஆனால் ஈயம் கலந்த மண்ணிலும் வெந்தயம் அழகாக முளைத்துவிடும்... அதனால்தான் லேப்.

இன்று கடைக்கு வருகிறவர்கள் உரப் பாக்கெட்டில் பச்சை இலைப் படம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அன்று நான் கருப்பைப் பார்த்து ஏமாந்தேன். இவர்கள் பச்சையைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டெல்லா அக்கா மூட்டையைப் பார்ப்பதே இல்லை. என் முகத்தைப் பார்த்து, “எங்கேந்து வந்துச்சி?” என்பார். இத்தனை வருடம் கழித்தும், மாட்டுக்கொட்டகையில் தொடங்கி லேப் ரிசல்ட் வரை சொல்லி முடித்த பிறகுதான் மூட்டையில் கை வைப்பேன்.